மரண அறிவிப்புக்கு ஒரு பட்டன்

எங்கள் லைனில் யார் போனாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். இதில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. தங்கச் சுரங்கத்து ஆட்களுக்கென்று வெள்ளைக்காரன் கட்டின லைன் வீடுகள். ஒரே கூரை, நடுவில் பேருக்கு ஒரு சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். ஜெயம்மா போனதும் அப்படித்தான் தெரிந்தது. விடியற்காலையில் அவள் மகள் நிலா "அம்மா" என்று கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். அந்த இரண்டாவது குரலுக்கு நான் பாயைச் சுருட்டிவிட்டேன்.

போய்ப் பார்த்தபோது நிலா அழவில்லை. குளிரும் என்பதுபோல அம்மாவின் காலைப் போர்வைக்குள் தள்ளி மூடிக்கொண்டிருந்தாள். அவள் அப்பா சுந்தரராஜ் வாசலில் நின்று பீடிக்குத் தீப்பெட்டி தேடினார். தீப்பெட்டி அவர் கையிலேயே இருந்தது.

"நாகம்மாக்கா, மாமாவுக்குச் சொல்லணும்" என்றாள் நிலா. அதுதான் அவள் பேசின முதல் பேச்சு.

மாமா என்றால் ஜெயம்மாவின் அண்ணன் தங்கவேலு. பேத்தமங்களாவில் ஏரித் தண்ணீரில் தக்காளி போடுகிறார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டுக்காரியின் குடும்ப விவரத்தைக் கேட்டு முடிப்பதற்குள் வந்துவிடும் ஊர். அந்தத் தூரத்தைத்தான் இரண்டு வீடும் பன்னிரண்டு வருடமாகக் கடக்கவில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நிலா பெரியவளானபோது தாய்மாமன் சீர்த் தட்டைச் சபையில் முதலில் வைக்காமல், சுந்தரராஜின் சூப்பர்வைசர் கொண்டுவந்த தட்டை முதலில் வைத்துவிட்டார்கள். தங்கவேலு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனவர்தான். "போறவன் போவட்டும்" என்று சுந்தரராஜ் சொன்னது தெருமுனைவரை கேட்டது. அவ்வளவுதான் சண்டை. ஒரு தாம்பாளத்தை அரை அடி தள்ளி வைத்திருந்தால் முடிந்திருக்கும்.

ஜெயம்மா நடுவில் கிடந்து தேய்ந்தாள். கடைசி மாதங்களில் எழுந்து உட்கார முடியாமல் போன பிறகு அவளுக்கு ஒரே பேச்சுதான் மிச்சம் இருந்தது. நான் ரசம் கொண்டுபோன அன்றைக்கு மகளிடம் சொன்னாள்: "எனக்கு எங்கண்ணன் கையால கோடி வுழணும்டி. வேற ஒண்ணும் வேணாம்." நிலா தலையாட்டினாள். சும்மா ஆறுதலுக்குத் தலையாட்டுகிற பெண் இல்லை அவள்.

எங்கள் ஆட்கள் பௌத்தர்கள். பாட்டன் காலத்திலேயே ஐயரை விட்டோம், திதியை விட்டோம், நல்ல நேரத்தை விட்டோம். ஆனால் செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வந்து மேலே விழாமல் பாடையைத் தூக்குவதில்லை என்பதை மட்டும் எந்தத் தீர்மானத்தாலும் விட முடியவில்லை. எங்கள் பௌத்தச் சங்கத்துக் கூட்டத்தில் ஒரு தடவை இதைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒரு இருமல் வந்தது. அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

கோடி போட அண்ணன் வர வேண்டும். வர வேண்டுமென்றால் அவருக்கு முறையாகச் சொல்ல வேண்டும். மனத்தாங்கல் இருக்கிற வீட்டுக்குச் சொல்லாமல் சாவுக்குக்கூடப் போவது எங்களில் வழக்கமில்லை. காதில் விழுந்தது வேறு, சொல்லி அனுப்பியது வேறு.

"நான் போன் பண்றேன்பா. நம்பர் யாருகிட்டனா வாங்கிக்கிறேன்" என்றாள் நிலா.

"இந்த வூட்ல இருந்து ஒரு போன் போவக் கூடாது" என்றார் சுந்தரராஜ். "சங்கத்து மெயில் போவும். அவன் பேரும் அதுல கீது. வர்றதுன்னா வரட்டும்."

"வரலன்னா?"

"அவன் மனசு அவ்ளோதான்னு தெரிஞ்சிக்கோ."

யார் செத்தாலும் எல்லா வீட்டுக்கும் சேதி சொல்லும் இந்தச் சங்கத்து மெயில் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் பல வீடுகள் இப்படித்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன. முகம் பார்க்காத இரண்டு வீட்டுக்கு நடுவில் சங்கம் சொல்லும். சொன்னவன் தாழ்ந்து போனதாகவும் ஆகாது, வந்தவன் தானாக வந்ததாகவும் ஆகாது.

அந்த மெயிலை அனுப்புகிற செயலாளர் தம்மபாலன். என் வீட்டுக்கு எதிர் வீடு. சுரங்கம் ஓடிய காலத்தில் நந்திதுர்க் ஷாஃப்ட் குழியின் வாயில் நின்று கேஜுக்கு மணி கொடுத்தவர். ஆட்களைக் கீழே இறக்குகிற அந்தக் கூண்டை ஓட்டும் டிரைவர் தூரத்தில் எஞ்சின் ஹவுஸில் உட்கார்ந்திருப்பார். அவர் கண்ணுக்கு ஷாஃப்டும் தெரியாது, ஆளும் தெரியாது. இவர் அழுத்தும் மணி அங்கே ஒலித்தால்தான் கேஜ் நகரும். ஆள் ஏறியாயிற்றா, இறக்கலாமா, நிறுத்த வேண்டுமா, எல்லாம் அந்த ஒரு பட்டன்தான். அழுத்தினால் சேதி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது அவருக்கு நம்பிக்கைகூட இல்லை, அதற்கும் மேல். மூச்சு விடுவது மாதிரி.

மெயில் அடிப்பதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் தடுமாற்றம். மாரிகுப்பத்தில் ஒரு பெரியவர் காலமானபோது, முந்தின அறிவிப்பைக் காப்பி எடுத்துப் பேரை மட்டும் மாற்றினார். முந்தினது ஒரு அம்மாளுடையது. முறுக்கு மீசையோடு வாழ்ந்த மனுஷன், 'அன்புக் கணவரைத் தவிக்கவிட்டு மறைந்தார்' என்று பெங்களூர், சென்னை, துபாய் வரைக்கும் போய்விட்டது. வாய் விட்டுச் சிரிக்க முடியாத துக்கம் அது. பந்தலில் ஆளாளுக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அதற்குப் பிறகுதான் அவர் மகள் தாரா மெயிலுக்கு ஒரு பட்டன் வைத்துக்கொடுத்தாள். தாரா தினமும் மாரிகுப்பம் ரயிலில் பெங்களூர் போய் வருகிறவள்; ஆபீஸில் இந்த மாதிரி வேலைதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலைக்காகப் போயிருந்தபோது, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மெயில் பக்கத்துக்கு மேலே வரிசையாகப் பட்டன்கள் இருக்கும் பட்டையில், கறுப்பாகப் புதிதாக ஒன்று. 'மரண அறிவிப்பு' என்று தமிழிலேயே போட்டிருந்தாள். பக்கத்தில் நீலமாக இன்னொன்று, 'கூட்டம்'.

"இன்னா இது, புச்சா மொளச்சிக்கீது?"

"நான்தான்பா வெச்சேன். இத அழுத்தினா அறிவிப்பு தானா தொறக்கும். வாசகம் எல்லாம் உள்ளேயே கீது, எல்லார் அட்ரஸும் கீது. பேரு, வயசு, எடம், நேரம் மட்டும் காலியா இருக்கும். அத ரொப்பு. இனிமே யாருக்கும் புருஷன் பொண்டாட்டி மாறாது."

"நக்கலா?"

"நாகம்மாத்தை சிரிக்கிறாங்க பாரு, அவங்களக் கேளு."

அன்றைக்கே சங்கத்துக் கூட்டத்துக்கு ஒரு அறிவிப்பு அடித்துப் பார்த்தார்கள். தம்மபாலன் நீலப் பட்டனை அழுத்தி, காலி இடங்களை ஒற்றை விரலால் நிரப்பினார். அதற்குள் குக்கர் சத்தம் போட, அவர் எழுந்து அடுப்பை அணைக்கப் போனார். தாரா தானே அனுப்பிவிட்டாள். அவர் திரும்பி வந்தபோது மெயில் போயிருந்தது. நல்லது என்று மூடி வைத்தார்.

ஜெயம்மாவுடையதுதான் அந்தக் கறுப்புப் பட்டனுக்கு முதல் சாவு. தாரா அன்றைக்கு முதல் ரயிலுக்கே போய்விட்டிருந்தாள். தம்மபாலன் வந்து பார்த்து, நிலாவின் தலையில் கை வைத்து, நேரத்தை முடிவு செய்துகொண்டு வீட்டுக்குத் திரும்பினார். வயது விஷயத்தில் சுந்தரராஜை நம்ப முடியாது என்பதால் நானும் கூடவே போனேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். பனியனோடு சாவுச் சேதி அனுப்ப மாட்டார். கறுப்புப் பட்டனை அழுத்தினார். அறிவிப்பு திறந்தது. 'ஜெயம்மா' என்று அடித்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் எங்கே இருக்கிறது என்று தேடினார். வயது நான் சொன்னேன். எடுக்கும் நேரம் மாலை நான்கு. எல்லாம் நிரப்பி, இரண்டு தரம் வாய்விட்டுப் படித்து, அதே கறுப்புப் பட்டனைத் திரும்ப ஒரு தடவை, அழுந்த அழுத்தினார். எழுதினது மறைந்து காலி அறிவிப்பு ஒன்று வந்து நின்றது.

"போய்ட்ச்சி" என்றார். "பாரு, அடுத்ததுக்கு ரெடியா நிக்குது."

அடுத்தது யாரோ என்று நான் லைனை ஒரு தடவை மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். அவர் மூடியைச் சாத்தினார். மெயில் போய்விட்டது என்று லைன் முழுக்கச் சொன்னது நான்தான்.

பந்தல் போட்டார்கள். நாற்காலி வந்தது. பேத்தமங்களா பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸுக்கும் முனைக்கு ஒரு ஆள் போய் வந்தது.

"எறங்கினாரா?"

"கீரக்காரி எறங்கினா. கூடைய எறக்கிட்டு, யாரு செத்ததுன்னு கேட்டுட்டுப் போனா."

"அவருக்கு தக்காளிக்கு தண்ணி கட்ற நாளா இருக்கும்பா. தங்கச்சி இன்னா, காஞ்சா போயிடுவா?"

"மெயில் பாத்துட்டும் வரலன்னா அது மனுஷன் இல்ல."

இப்படிப் பேசினவர்களில் நானும் உண்டு, முன்வரிசையில். வெளியூர் ஆட்கள் குறைவாக வந்ததையும் கவனித்தோம். கவனித்துவிட்டு, யாருக்கு லீவு கிடைக்கிறது, காலம் கெட்டுவிட்டது என்று காரணமும் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

நிலா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் முகத்தைத் தூக்கினாள். மத்தியானத்துக்கு மேல் தூக்கவில்லை. சொந்தக்காரப் பெண்கள் கொண்டுவந்த புடவைகளை ஒவ்வொன்றாக வாங்கி ஓரமாக அடுக்கினாள். ஒன்றையும் அம்மாவின் மேலே போட விடவில்லை.

"பொறந்த வூட்டு மொறையில நான் ஒண்ணு போட்றேன்டி, உங்கம்மாவும் நானும் ஒரே ஊர்க்காரிங்கதானே" என்று தம்மபாலனின் பெண்சாதி கேட்டாள்.

"வேணாம் அத்தே. அம்மா கேட்டது மாமா கையால."

"வரமாட்டாரு போல இருக்கே, கண்ணு."

"தெரியும்" என்றாள் நிலா. "அப்ப கோடி இல்லாமலே போகட்டும்."

நான்கு மணிக்குப் பெரியவர்கள் நின்று, புத்தம் சரணம் என்று திரிசரணம் சொன்னார்கள். சுந்தரராஜ், "தூக்குங்க" என்றார். குரல் உடைந்தது, கோபத்தில் உடைந்ததாகக் காட்டிக்கொண்டார். நாலு பேர் பாடைப் பக்கம் போனார்கள்.

அப்போதுதான் தாரா ரயிலிலிருந்து நேராக வந்தாள். நிலாவும் அவளும் ஒரே பள்ளிக்கூடம். அவள் அம்மா போனில் சொல்ல, பாதி நாளோடு கிளம்பி வந்திருந்தாள். நிலாவைக் கட்டிக்கொண்டாள். மெயில் பார்த்தும் மாமா வரவில்லை என்று நிலா அவள் காதில் சொன்னாள். தாரா நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, மெயில் எப்ப அனுப்பின? எனக்கு வரவே இல்லையே. நான் டவர் இல்லன்னு நெனச்சேன்."

"காத்தாலயே போய்ட்ச்சே."

"வா, ஒரு நிமிஷம்."

இரண்டு பேரும் எதிர் வீட்டுக்குப் போனார்கள். எனக்கும் அங்கே ஒரு செம்பு எடுக்க வேண்டியிருந்தது.

தாரா மூடியைத் திறந்தாள். காலி அறிவிப்பு நின்றது. அதை ஓரமாக இழுத்தாள். அதற்கு அடியில் 'ஜெயம்மா, வயது 57' என்று, காலையில் அடித்தது அடித்தபடியே உட்கார்ந்திருந்தது.

எதிரே பந்தலில் பறை ஆரம்பித்தது.

"இந்தப் பட்டன் தொறக்கிறதுதான்பா" என்றாள் தாரா. "அனுப்பறது உள்ள தனியா கீது. திரும்ப அழுத்தினா இன்னொரு காலி வரும். நான் அன்னிக்கி… நான்தான் சொல்லி இருக்கணும்."

தம்மபாலன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாருக்கும் போவலியா?"

"யாருக்கும் போகல. இப்ப அனுப்பிடட்டா?"

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன். நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன்: "வுடுங்கண்ணா. இது நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். மெயில் போயிருந்தா மட்டும் அந்த ஆளு வந்திருக்கப் போறாரா? எடுக்கிற நேரத்துல எதுக்கு."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "காத்தால இருந்து அந்த ஆளை இன்னா இன்னா பேசனீங்க, நாகம்மா?"

நான் செம்பைத் தேடினேன்.

வெளியே வந்தபோது பாடை தோளுக்கு ஏறியிருந்தது. தம்மபாலன் குறுக்கே போய் நின்று கையைத் தூக்கினார். பறைக்காரர்கள் நிறுத்தினார்கள்.

"எறக்குங்க" என்றார்.

"இன்னா சித்தப்பா இது" என்றான் தூக்கினவர்களில் ஒருவன்.

"எறக்குங்கன்றேன். பொறந்த வூட்டுக்கு சொல்லவே இல்ல. மெயில் போவல. நான்தான் பட்டனை தப்பா அழுத்திட்டு, போய்ட்ச்சின்னு சொல்ட்டேன். தங்கவேலு மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு என்னுது."

அத்தனை வருடம் சங்கத்து மேடையில் நின்று பேசின மனுஷன். இப்போது பேசும்போது கை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தார். யாரோ பின்னால் லேசாகச் சிரித்தார்கள். மீசைக்காரர் ஞாபகம் வந்திருக்கும்.

சுந்தரராஜுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரிஞ்சா மட்டும்? பன்னெண்டு வருஷமா வராதவன்."

"நீ கூப்டியா?"

"அவன் போனான், நான் கூப்டணுமா?"

"அத அவர் வந்தப்பறம் பேசிக்கோ. எனக்கு நேரம் குடு. நானே போய் சொல்லிட்டு வரேன்."

"பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும். ஊரே நிக்குது."

"நான் காத்திருக்கேன்பா" என்றாள் நிலா. பாடையின் ஒரு முனையைப் பிடித்துத் தானே கீழே அமுக்கினாள். தூக்கினவர்கள் வேறு வழியில்லாமல் இறக்கினார்கள். சுந்தரராஜ் மகளைப் பார்த்தார், பிறகு சுரங்கக் கழிவைக் கொட்டிக் குவித்த மேட்டுக்கு மேலே வானத்தைப் பார்த்தார். "சைனைட் மேட்டுக்குப் பின்னாடி சூரியன் போற வரைக்கும்தான்" என்றார்.

தாராவின் ஸ்கூட்டரில் தம்மபாலன் பின்னால் உட்கார்ந்து போனார். அதற்குப் பிறகு பேத்தமங்களாவில் நடந்ததை நான் பார்க்கவில்லை. தாராவிடமிருந்து வரி வரியாகக் கேட்டு வாங்கினது இது.

இவர்கள் போனபோது தங்கவேலு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். வெள்ளை வேட்டி, சட்டை, காலில் செருப்பு. மடியில் துணிக்கடைக் கவர். கீரைக்காரி அடுத்த வண்டியிலேயே திரும்பிப் போய்ச் சொல்லியிருக்கிறாள். உடனே போய்ப் புடவை எடுத்து வந்துவிட்டார். அப்புறம் மகனுடைய போனை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். சங்கத்து மெயில் வருமா வருமா என்று நாள் முழுக்க அதையே பார்த்திருக்கிறார். அது அணையும்போதெல்லாம் மகனைக் கூப்பிட்டுத் திறக்கச் சொல்லியிருக்கிறார்.

"சொல்லாம எப்படிப் போறதுன்னு ஒக்காந்துங்கிறாரு" என்றாளாம் அவர் பெண்சாதி. "தண்ணி கூட தொண்டையில எறங்கல. நீங்களாவது சொல்லுங்க."

தம்மபாலன் ஆரம்பித்திருக்கிறார்: "மெயிலு போவல தங்கவேலு. அந்த பட்டன் இன்னா ஆச்சின்னா…"

"பட்டன் கதை அப்பறம்" என்றாராம் தங்கவேலு. "சொல்ல வந்தத சொல்லுங்க."

தம்மபாலன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேராக நின்றார். "உன் தங்கச்சி ஜெயம்மா காத்தால காலமாய்ட்டா. உன் கோடிக்குக் காத்துங்கிறோம். வா."

தங்கவேலு எழுந்தார். மகன் வண்டியை எடுக்கப் போனான்.

அவர்கள் வந்து சேர்ந்தபோது சூரியன் மேட்டின் விளிம்பில் இருந்தது. கூட்டம் தானாகப் பிளந்து வழி விட்டது. காலையிலிருந்து அவரை வறுத்தெடுத்த வாய்களெல்லாம், என்னுடையதையும் சேர்த்து, "எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. தங்கவேலு யாரையும் பார்க்கவில்லை. தங்கச்சி முகத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பன்னிரண்டு வருடத்தில் அந்த முகம் என்னவாகியிருந்தது என்று எங்களுக்குத் தெரியும், தினமும் பார்த்தவர்கள். அவர் ஒரே தடவையில் பார்த்தார்.

கவரிலிருந்து புடவையை எடுத்தார். பச்சை, மெல்லிய கரை. மடிப்புப் பிரிக்க வரவில்லை. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு கை நீண்டு மறுமுனையைப் பிடித்தது. நிமிர்ந்தார்.

"யாரும்மா நீ?"

"நிலா, மாமா."

கடைசியாக அவளைப் பார்த்தபோது அவள் மணையில் உட்கார்ந்திருந்த சின்னப் பெண். இரண்டு பேருமாகப் புடவையை விரித்து, கழுத்திலிருந்து பாதம் வரைக்கும் மூடினார்கள். காலருகே நிலா செருகிவிட்டாள். அப்புறம்தான் அவள் அழுதாள். காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த அழுகை. கேட்டவர்கள் எல்லாரும் வேறு எங்காவது பார்த்தோம்.

சுந்தரராஜ் தலைமாட்டில் இருந்தார். எழுந்திருக்கவில்லை, வா என்று சொல்லவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஒரு ஆள் உட்காருகிற இடம் இருந்தது. தங்கவேலு அங்கே உட்காரவில்லை. ஆனால் தூக்கும்போது அந்தப் பக்கத்துத் தோளைக் கொடுத்தார்.

இடுகாட்டிலிருந்து திரும்பும்போது தாரா அப்பாவிடம், "நாளைக்கே அந்தப் பட்டனை எடுத்துடறேன்பா" என்றாள்.

"வேணாம்" என்றார் தம்மபாலன். "அனுப்பறது எதுன்னு காட்டு. இன்னிக்கே காட்டு. லேட்டா போனாலும் இந்த அறிவிப்பு போவணும், லேட்டானதுக்கு நான்தான் காரணம்னு ஒரு வரி சேர்த்து."

தெருக் குழாயில் எல்லாரும் கால் கழுவிக்கொண்டிருந்தோம். தங்கவேலு வீட்டுக்குள் வரவில்லை. மகன் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தான். நிலா போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் அவளிடம் போனை எடுக்கச் சொல்லி, ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். எனக்கு ஏழு எண் வரைக்கும்தான் கேட்டது. அதற்குள் யாரோ குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டார்கள்.

வண்டி போன பிறகு சுந்தரராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். காலைக் கழுவினவர், மறுபடியும் கழுவினார்.

"இன்னாவாம்?" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

"நம்பர் குடுத்தாரு."

"யாருக்கு?"

"உங்க பொண்ணுக்கு."

அவர் குழாயை மூடினார். நிலா இன்னும் அங்கேயே, போனைக் கையில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நின்றிருந்தாள். அவர் மெதுவாக அவளிடம் போனார். இன்னும் கொஞ்சம் கிட்டே போனால் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டிருக்கும். நான் போகவில்லை.